பட்டறைப் பதில்கள்: டர்போவில் கை வைக்குமுன் மேனிஃபோல்டைப் பாருங்கள்

கேள்வி: அண்ணே, நான் செலாயாங்கில் இருக்கிறேன். சின்னக் குத்தகை வேலைகள் எடுத்துச் செய்கிறேன். என்னிடம் 2013-ஆம் ஆண்டு 3.0 லிட்டர் வி6 டீசல் ஃபோர் வீல் வண்டி இருக்கிறது. இரண்டாம் கையாக வாங்கியது. (எந்தக் கம்பெனி என்று போட்டுவிடாதீர்கள், பின்னால் விற்கும் எண்ணம் உண்டு.) ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. காராக் ஹைவேயில் கோம்பாக் டோல் தாண்டி மேடு ஏறினால் பவர் செத்துப்போகிறது. மீட்டரில் விளக்கு எரிகிறது, பின்னால் கறுப்புப் புகை. மிதிக்கும்போது 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வேறு. ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்துவிட்டு, இரண்டு டர்போவும் போய்விட்டன, 12,000 வெள்ளி ஆகும் என்கிறார்கள். இன்னோர் இடத்தில், இன்டேக் மேனிஃபோல்டு வெடித்திருக்கிறது, எப்பாக்சி போட்டு ஒட்டித் தருகிறேன், 300 வெள்ளி கொடுத்தால் போதும் என்கிறார். யாரை நம்புவது? மேனிஃபோல்டை மாற்றுவதென்றால் என்னென்ன வேலை வரும்?

பதில்: இரண்டாமவர் பழுதைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் சொல்கிற வைத்தியம் வேண்டாம். முதலாமவரிடம் இப்போதைக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். டர்போ அழுத்தித் தள்ளும் காற்று இன்டர்கூலர் வழியாக வந்து மேனிஃபோல்டில் நுழைகிறது, அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிந்து போகிறது. ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது அந்த அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். காராக் மேட்டில் மிதித்தால் 1 பார், சில இன்ஜின்களில் 1.5 பார் வரைக்கும் ஏறும். கார் டயரில் நாம் அடிக்கிற காற்றில் ஏறக்குறைய பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெடிப்பு இருந்தால் அந்த அழுத்தத்தில்தான் வாய் திறக்கும், 'உஸ்ஸ்' சத்தமும் அப்போதுதான் வரும். மேடு இறங்கியதும் வாய் மூடிக்கொள்ளும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் வண்டி நல்ல பிள்ளையாக நிற்கும்.

கறுப்புப் புகைக்கும் இதுதான் காரணம். ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சார், இன்ஜினுக்குள் இவ்வளவு காற்று போகிறது என்று ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டருக்கு, கணக்குக் கொடுக்கிறது. ஈசியூ அதை நம்பி டீசலை அளந்து விடுகிறது. ஆனால் வழியில் ஒரு பங்கு காற்று வெடிப்பில் வெளியேறிவிட்டது. சிலிண்டருக்குள் டீசல் கூடுதல், காற்று குறைவு, எரியாத மிச்சம் கரியாகப் பின்னால் போகிறது. மேனிஃபோல்டில் இருக்கும் இன்னொரு சென்சார், கேட்ட அழுத்தம் வரவில்லை என்று புகார் சொல்கிறது. அந்தப் புகாரைத்தான் ஸ்கேனர் பி0299 என்ற பழுது எண்ணாகக் காட்டும், அதாவது டர்போ அழுத்தம் குறைவு. முதலாமவர் பார்த்தது அநேகமாக இந்த எண்ணைத்தான். அழுத்தம் குறைகிறது என்றுதான் அந்த எண் சொல்கிறது. எங்கே குறைகிறது என்று அது சொல்லவில்லை. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான் மெக்கானிக்குக் கூலி. இரண்டு டர்போவும் ஒரே சமயத்தில் சேர்ந்து போவது அபூர்வம் என்பதையும் அவர் யோசித்திருக்க வேண்டும்.

அதற்காக இப்படியே ஓட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. அழுத்தம் போதவில்லை என்று ஈசியூ டர்போவை மேலும் மேலும் வேகமாகச் சுழலச் சொல்லும். இப்போது நன்றாக இருக்கிற டர்போ அந்த அதிக வேகத்தில் உண்மையாகவே போய்விடும். டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) இருக்கிற வண்டியாக இருந்தால் அதுவும் கரியில் அடைத்துக்கொள்ளும். ஆகவே கெந்திங் பக்கமே போகாமல் முதலில் பழுதைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? செலவில்லாத வழியிலிருந்து தொடங்கலாம். இன்ஜின் ஆறியபிறகு மேல் மூடியைக் கழற்றிவிட்டு நல்ல டார்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களையும் கிளிப்புகளையும் கையால் அழுத்திப் பாருங்கள். நிறைய வண்டிகளில் காற்று போவது அங்கேதான், செலவும் அங்கேதான் குறைவு. அது சரியாக இருந்தால் மேனிஃபோல்டுக்கு வாருங்கள். உங்கள் வண்டியில் அது கறுப்பு பிளாஸ்டிக். உற்றுப் பார்த்தால் அதன் உடம்பு முழுக்க ஒரு தையல் கோடு ஓடுவது தெரியும். அந்தக் கோட்டை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துக்கொண்டே போங்கள். வெடிப்பு இருக்கிற இடத்தில் கறுப்பு எண்ணெய்ப் பசை கீழ்நோக்கி மெல்லிய கோடாக வழிந்திருக்கும். விரலில் தேய்த்தால் மை போல ஒட்டும், டீசல் புகை வாசம் அடிக்கும். சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு சின்ன மேட்டில் ஒருமுறை ஏறி இறங்கிவந்து பாருங்கள். அதே இடம் மறுபடி கறுத்திருந்தால் ஆளைப் பிடித்துவிட்டோம். அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றையோ கைப்பேசிக் கேமராவையோ உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். நான் தொழில் கற்ற ஜாலான் ஈப்போ பட்டறையில் சீன முதலாளி ஒருவர் இருந்தார். டார்ச்சும் துணியும் கையில் இல்லாமல் யாரையும் பானெட் பக்கம் நெருங்கவிடமாட்டார். ஸ்கேனர் வந்தபிறகும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. என் பையன்களையும் விடச்சொல்லவில்லை.

அடுத்து ஸ்மோக் டெஸ்ட். காற்றுப் பாதைக்குள் புகையை ஊதி அது எங்கே கசிகிறது என்று பார்ப்பது. இது மிகக் குறைந்த அழுத்தத்தில் நடப்பதால் மயிரிழை வெடிப்பு சில நேரம் தப்பித்துவிடும். புகை வரவில்லை என்பதற்காக மேனிஃபோல்டு நல்லது என்று எழுதிக்கொடுக்கிற மெக்கானிக்கை நம்ப வேண்டாம். டர்போ வாயை மூடி, ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரஸரால் 0.7 பார், அதிகம் போனால் 1 பார் காற்று கொடுத்து, தையல் கோட்டில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் இளஞ்சூடாக இருந்தால் இன்னும் நல்லது. சூட்டில் பிளாஸ்டிக் விரிந்து வெடிப்பு வாய் திறக்கும், நுரை பொங்கும். நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். சோதனை என்று நான் சொல்வது இந்த மாதிரியான சோதனையைத்தான்.

இனி எப்பாக்சி விஷயம். இந்த மேனிஃபோல்டுகளைக் கண்ணாடி இழை கலந்த நைலானில் இரண்டு ஓடுகளாக வார்க்கிறார்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தி, வேகமாக அதிரவைத்து, அந்த உராய்வுச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கிறார்கள். நீங்கள் பார்க்கிற தையல் கோடு அதுதான். வருடக்கணக்கில் சூடாகி, ஆறி, அழுத்தம் ஏறி இறங்கி, கடைசியில் வெடிப்பு வருவதும் பெரும்பாலும் அதே கோட்டில்தான். நைலானில் எப்பாக்சி ஒழுங்காகப் பிடிக்காது. அதிலும் எண்ணெய் ஊறிய நைலான் என்றால் கேட்கவே வேண்டாம். ஒட்டிய மாதிரி இருக்கும், சில மாதங்களில் மேடு ஏறும்போது பெயரும். வெளியே பெயர்ந்தால் பரவாயில்லை, பழைய 'உஸ்ஸ்' திரும்ப வரும், அவ்வளவுதான். உள்ளே பெயர்ந்தால்? அந்தக் காய்ந்த துண்டு நேராக சிலிண்டருக்குள் போகும். டீசல் இன்ஜினில் காற்றை ஏறக்குறைய 16 மடங்கு சுருக்குகிறோம். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவில் இடமே இருக்காது. ஒரு பச்சைப்பயறு அளவு கட்டி போதும், வால்வு வளைய. 300 வெள்ளியில் முடித்துவிடப் பார்க்கப்போய் இன்ஜினையே இறக்கவேண்டி வரும்.

பழைய சாமான் வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். கிள்ளான் பக்கம் பழைய வண்டிகளின் சாமான் விற்கும் ஹாஃப் கட் கடைகளில் கிடைக்கும், விலையும் பாதிகூட இருக்காது. கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், கதவு, பம்பர் எல்லாம் அங்கே தாராளமாக வாங்கலாம், நானும் வாங்குகிறேன். பிளாஸ்டிக் மேனிஃபோல்டை மட்டும் வாங்காதீர்கள். அதற்கும் உங்கள் மேனிஃபோல்டின் வயதுதான். அதே சூட்டில் அதே எண்ணெயில் ஊறியதுதான். இன்றைக்கு வெடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

புதிதாக வாங்குங்கள். உங்களுடையது வி6, இரண்டு பக்கமும் மேனிஃபோல்டு இருக்கும். ஒரு பக்கம்தான் வெடித்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது என் கணக்கில் சரி. ஏனென்றால் பிரித்து மாட்டுகிற கூலியில் பெரும்பகுதி இரண்டு பக்கத்துக்கும் பொது. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த வருடம் அதே இன்ஜினைத் திரும்பப் பிரிப்பது வீண் செலவு. வாங்குமுன் வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கடையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள், வருடத்துக்கு வருடம் சென்சார் துளையும் குழாய் வாயும் மாறும். காஸ்கெட், போல்ட், ஈஜிஆர் (எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடும் அமைப்பு) குழாயின் சீல், த்ராட்டில் பாடி சீல் எல்லாம் புதிது. இவையெல்லாம் கொட்டேஷனில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத மெக்கானிக் பழையதையே துடைத்துப் போடப்போகிறார் என்று அர்த்தம்.

வேலையில் நான் மிகவும் பயப்படுகிற இடம் டீசல் குழாய்கள். வி6-இல் மேனிஃபோல்டு வெளியே வர, இன்ஜெக்டர்களுக்குப் போகும் எஃகுக் குழாய்களை அநேகமாகக் கழற்ற வேண்டி வரும். இன்ஜின் ஓடும்போது அதற்குள் இருக்கும் அழுத்தம் 1,600 பாரிலிருந்து 2,000 பார் வரை. ஆகவே இன்ஜினை நிறுத்தி நன்றாக ஆறவிட்ட பிறகுதான் ஸ்பேனர் வைக்க வேண்டும். ஓடுகிற இன்ஜினில் டீசல் எங்கே கசிகிறது என்று கையை வைத்துத் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசிமுனை அளவு பீச்சினாலும் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி யாருக்காவது பட்டால் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடராமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் எல்லோரும் தங்கள் பையன்களுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

கழற்றிய அந்தக் குழாய்களைத் திரும்பப் போடாமல் புதிது போடச் சொல்லித்தான் பல கம்பெனிகளின் சர்வீஸ் மேனுவல் எழுதியிருக்கிறது. முனை ஒருமுறை நசுங்கி உட்கார்ந்தது, மறுபடி அதே மாதிரி உட்காராது. செலவு கூடும், ஆனாலும் மேனுவல் சொன்னால் கேளுங்கள். அப்புறம் சுத்தம். இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளிகள் 2, 3 மைக்ரான் கணக்கில். கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் தூள் போதும் அதைக் கெடுக்க. குழாயைக் கழற்றிய அடுத்த நொடியே இரண்டு பக்கமும் மூடி போட வேண்டும். பக்கத்தில் ஒருவர் கிரைண்டர் பிடித்துக்கொண்டிருக்கிற ஒர்க்‌ஷாப்பில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

மேனிஃபோல்டு வெளியே வந்ததும் ஹெட்டில் துளைகள் வாய் திறந்து நிற்கும். உள்ளே கன்னங்கரேலென்று கரி படிந்திருக்கும். அதைச் சுரண்டுமுன் அந்தச் சிலிண்டரின் வால்வு மூடியிருக்கும்படி இன்ஜினைக் கையால் சுற்றி வைக்க வேண்டும். சுரண்டச் சுரண்ட வேக்கூமால் இழுக்க வேண்டும். சுரண்டாத துளைகளில் நூல் உதிராத துணியை அடைத்து வைப்போம். எத்தனை துணி அடைத்தோம் என்று எண்ணி, திரும்ப எடுக்கும்போது அதே எண்ணிக்கை வருகிறதா என்று பார்ப்போம். என் பட்டறையில் அந்த எண்ணைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிடச் சொல்வேன். மாட்டும் அவசரத்தில் அது மறந்துபோகக் கூடிய விஷயம்.

மாட்டும்போது இம்பேக்ட் கன் எடுக்கக் கூடாது. எம்6 போல்ட்டுகளுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் சுற்றுவட்டாரம்தான், ஹெட் அலுமினியம், கொஞ்சம் கை மீறினாலும் மரை போய்விடும். உங்கள் இன்ஜினுக்கான சரியான அளவு மேனுவலில் இருக்கும். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்சு வைத்து இறுக்க வேண்டும். ஒரு ஓரத்தை முதலில் இறுக்கினால் அடுத்த ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும், புது மேனிஃபோல்டு முதல் நாளிலிருந்தே முறுக்கிக்கொண்டுதான் வேலை செய்யும். காஸ்கெட்டோடு சிலிக்கோன் தடவுகிற பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. இங்கே வேண்டாம். பிதுங்கி உள்ளே வருகிற சிலிக்கோன் பிய்ந்து சிலிண்டருக்குத்தான் போகும்.

இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே லேசாக எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. தேங்கி நின்றால் டர்போ சீலையும் இன்ஜின் பிரீதரையும் (இன்ஜினுக்குள் சேரும் எண்ணெய் ஆவி வெளியேறும் வழி) பார்க்க வேண்டும். அந்த எண்ணெயை வடிக்காமல் புது மேனிஃபோல்டு மாட்டி நன்றாக மிதித்தால், தேங்கிய எண்ணெய் மொத்தமாக உள்ளே இழுபட்டு அதுவே எரிபொருளாகி இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் சுற்றத் தொடங்கலாம். அப்போது சாவியைத் திருப்பினாலும் டீசல் இன்ஜின் நிற்காது. பிரீதர் அடைத்திருந்தாலும், ஈஜிஆர் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருந்தாலும் இப்போதே சரி செய்துவிடுங்கள். மேனிஃபோல்டுக்குள் அளவுக்கு மீறிய சூடும் எண்ணெயும் சேர்வதற்கு அவை இரண்டும் காரணம்.

எல்லாம் முடிந்ததும் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு அதே காராக் மேட்டில் ஏறுங்கள். ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கட்டும், பக்கத்தில் இருப்பவர் ஸ்கேனரைப் பார்க்கட்டும். ஈசியூ கேட்கிற அழுத்தம் ஒரு வரியில் வரும், உண்மையில் கிடைக்கிற அழுத்தம் அடுத்த வரியில் வரும். இரண்டும் ஒட்டி ஒட்டி ஏறினால் வேலை முடிந்தது. பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள். அப்போதும் அழுத்தம் வரவில்லை என்றால்தான் டர்போ பக்கம் போக வேண்டும். வேலைக்கு இரண்டு நாள் கேட்டால் மனதாரக் கொடுங்கள். வி6-இல் இரண்டு பக்கமும் ஒரே பகலில் முடித்துத் தருகிறேன் என்பவர் எதையோ விட்டுவிடப்போகிறார்.

விற்கும் எண்ணம் பற்றி ஒரு வார்த்தை. மேனிஃபோல்டு மாற்றிய பில்லை வாங்குபவரிடம் காட்டியே விற்றுவிடுங்கள். விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்து விலையைக் குறைக்கமாட்டார். ஒட்டுப்போட்டு மறைத்து விற்றால் அடுத்து மேட்டில் நிற்கப்போவது இன்னொருவரின் குடும்பம்.

கேள்வி: புக்கிட் மெர்தாஜாமிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது 2.5 லிட்டர் டீசல் பிக்கப், 2010 மாடல், அலுமினிய மேனிஃபோல்டு. சுத்தம் செய்யக் கழற்றித் திரும்ப மாட்டும்போது போல்ட் வருகிற காது ஒன்று வெடித்துவிட்டது. வெல்டிங் செய்யலாமா? உள்ளே அரை அங்குலத்துக்குக் கரி. இப்போதெல்லாம் யூரோ 5 டீசல்தானே அடிக்கிறேன், ஏன் இவ்வளவு கரி? காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறான் மச்சான். ஈஜிஆரையும் அடைத்துவிடச் சொல்கிறான்.

பதில்: மச்சானிடம் காஸ்டிக் சோடாவைக் கொடுத்துவிடாதீர்கள். அது கரியைவிட வேகமாக அலுமினியத்தைத் தின்னும், தின்னும்போது ஹைட்ரஜன் வாயு வேறு கிளம்பும். மூடிய கொட்டகையில் பக்கத்தில் யாராவது சிகரெட் பற்றவைத்தால் ஆபத்து. மண்ணெண்ணெயில் அல்லது கடையில் விற்கிற அலுமினியத்துக்கான கார்பன் கிளீனரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பிளாஸ்டிக் பிரஷ் போட்டுத் தேய்த்து, கடைசியில் வெந்நீரில் அலசிக் காயவையுங்கள். பொறுமையாகச் செய்தால் போதும், பளபளக்க வேண்டிய அவசியமில்லை.

வெல்டிங் செய்யலாம், அலுமினியத்தில் அது ஒரு வசதி. ஆனால் தெருமுனையில் கேட் வெல்டிங் செய்பவரிடம் போகாமல், அலுமினியத்துக்கு டிக் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிறை தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்தால் கிடைப்பார்கள். கரியும் எண்ணெயும் ஒரு பொட்டுக்கூட இல்லாமல் சுத்தம் செய்த பிறகுதான் வெல்டிங். இல்லையென்றால் உள்ளே துளை விழுந்து மறுபடி அதே இடத்தில் உடையும். வெல்டிங் சூட்டில் ஹெட்டோடு சேரும் முகம் வளைந்துவிடும். லேத் கடையில் கொடுத்து அந்த முகத்தை மட்டமாக்கி வாங்கியபிறகு புதுக் காஸ்கெட் போட்டு மாட்டுங்கள். காது ஏன் வெடித்தது என்பதையும் பாருங்கள். பழைய காஸ்கெட்டின் துண்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே மேனிஃபோல்டு சமமாக உட்காராது, இறுக்க இறுக்கக் காதுதான் வாங்கும். உங்கள் பிக்கப்புக்கு ஹாஃப் கட்டில் நல்ல அலுமினிய மேனிஃபோல்டு கிடைத்தால் வெல்டிங்கைவிட அதையே எடுத்துக்கொள்ளலாம். மேலே பிளாஸ்டிக்குக்குச் சொன்னது இதற்குப் பொருந்தாது.

யூரோ 5 விஷயம்: 2021 ஏப்ரலிலிருந்து நாம் அடிக்கிற டீசலில் கந்தகம் 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 10 பங்கு) வந்துவிட்டது, முன்பிருந்த யூரோ 2எம் தரத்தில் அது 500 பிபிஎம். இது பெரிய நன்மை, ஈஜிஆர் பாதையில் அமிலம் சேர்ந்து அரிப்பது குறையும். ஆனால் மேனிஃபோல்டில் படிகிற கரி கந்தகத்தால் வருவதில்லை. ஈஜிஆர் வழியாகத் திரும்பி வருகிற புகைக்கரியும் பிரீதர் வழியாக வருகிற எண்ணெய் ஆவியும் மேனிஃபோல்டில் சந்தித்துத் தாராகிவிடுகின்றன. சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்குமாகக் குட்டிக் குட்டி ஓட்டமே ஓடுகிற வண்டியில் இது இன்னும் சீக்கிரம் சேரும். வாரம் ஒருமுறையாவது இன்ஜின் நன்றாகச் சூடாகும்படி ஹைவேயில் ஓட்டுங்கள், இன்ஜின் ஆயிலைத் தவணை தவறாமல் மாற்றுங்கள்.

ஈஜிஆரை அடைப்பதை நான் செய்து தருவதில்லை. வண்டிக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் இல்லைதான். எரிகிற சூட்டைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடு நச்சைக் கட்டுப்படுத்தத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றைச் சுவாசிப்பது நம் பிள்ளைகள். வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், ஒழுங்காகத் திறந்து மூடினால் அது உங்களுக்கு எதிரியில்லை. புகை விஷயத்தில் 1996-ஆம் ஆண்டு டீசல் இன்ஜின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் நினைவிருக்கட்டும். ரோட்டில் நிறுத்திச் சோதித்தால் புகையின் அடர்த்தி 50 எச்எஸ்யூவுக்கு (அதை அளக்கும் அலகு) மேல் போகக் கூடாது.

கேள்வி: ஆயர் ஈத்தாம், பினாங்கு. என் பெட்ரோல் காரில் மேனிஃபோல்டு லீக் இருந்தபோது மெக்கானிக் சுற்றிலும் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, இன்ஜின் சத்தம் மாறுகிற இடத்தைக் கண்டுபிடித்தார். டீசல் ஜீப்பிலும் அப்படிப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. பெட்ரோல் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம், வெடிப்பு வழியாக வெளியிலிருப்பதை உள்ளே இழுக்கும். டர்போ டீசலில் அப்படிச் சொல்லும்படியான வெற்றிடம் இல்லை, மிதித்தால் காற்று உள்ளேயிருந்து வெளியே தள்ளும். நீங்கள் அடிக்கிற ஸ்ப்ரே உள்ளே போகவே போகாது, எதுவும் தெரியாது. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் எரிகிற திரவத்தை அடித்ததுதான் மிச்சம். ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே அடிப்பது அதைவிட மோசம், டீசல் இன்ஜின் கிடைத்ததையெல்லாம் எரித்துக்கொண்டு தானாக வேகம் பிடிக்கும். சோப்புத் தண்ணீரும் அளந்து கொடுத்த காற்றும் போதும்.

கேள்வி: பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி. சமையல் ஆர்டர்களுக்கு டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். மேனிஃபோல்டு மாற்றிவிட்டேன் என்று பில் கொடுத்தார்கள், ஆனால் பழைய சத்தம் அப்படியே இருக்கிறது. மாற்றினார்களா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும், அண்ணா?

பதில்: தங்கச்சி, முதலில் பழைய மேனிஃபோல்டைக் கேளுங்கள். அது உங்கள் சொத்து. தூக்கிப் போட்டுவிட்டோம் என்றால், புதியது வந்த பெட்டியைக் கேளுங்கள். பெட்டியின் லேபிளில் உள்ள பார்ட் நம்பரும் பில்லில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். பானெட்டைத் திறந்தால் உங்களுக்கே தெரியும். புது மேனிஃபோல்டின் வார்ப்பு மூலைகளில் தூசி ஏறியிருக்காது, போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட அடையாளம் புதிதாக மினுக்கும். பத்து வருடத் தூசியும் எண்ணெயும் போல்ட் குழிகளில் அப்படியே உறைந்திருந்தால் அந்த இடத்தை யாரும் தொடவில்லை. அத்தனையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளை உண்மையாகவே மாற்றியிருந்து, சத்தம் வேறு ஹோஸிலிருந்து வரலாம். அதனால் கோபப்படாமல் போய், அவர்கள் முன்னிலையில் காற்று அழுத்தச் சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். நேர்மையான கடை என்றால் சம்மதிக்கும். மறுத்தால் வேறு கடையில் அதே சோதனையைச் செய்து, முடிவை எழுத்தில் வாங்குங்கள்.

அதற்குப் பிறகும் பணம் திரும்பவில்லை என்றால் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா இருக்கிறது, பயனீட்டாளர் வழக்குகளுக்கென்றே உள்ள நடுவர் மன்றம். 50,000 வெள்ளி வரையான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. சம்பவம் நடந்து 3 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: அது சொந்தத் தேவைக்கு வாங்கியவர்களுக்கான மன்றம். வண்டி உங்கள் பெயரில் இருந்து வீட்டுக்கும் ஓடுகிறதா, கம்பெனி பெயரில் தொழிலுக்கு மட்டுமா என்று கேட்பார்கள். மனு கொடுக்குமுன் அங்குள்ள கவுன்டரிலேயே இதைச் சொல்லி விசாரித்துக்கொள்ளுங்கள். போகும்போது பில், கொட்டேஷன், எடுத்த படங்கள், இரண்டாவது கடை எழுதிக்கொடுத்த தாள் எல்லாவற்றையும் இரண்டிரண்டு நகலாக எடுத்துச் செல்லுங்கள்.